புளித்த பழச்சாறும் நம் உடலும்

இக்கட்டுரை ஒரு மாணவர் என்னிடம் கேட்ட கேள்விக்குக் காலந்தாழ்ந்து எழுதப்படும் விடை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் மாலை, வேதியியல் ஆய்வுக்கூடத்தில் செய்முறை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி என் மேசையருகே வந்து நின்றார். அவர் தந்தை கைத்தறி நெசவாளர். சிறுநீரகம் சற்றுப் பழுதுபட்டு மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தவர்.

"சார், எங்க அப்பாவுக்கு நோனிச் சாறுன்னு ஒண்ணு வாங்கச் சொல்றாங்க. ரெண்டு மாசம் புளிக்க வைச்சதாம். புளிக்க வைச்சதால சத்தெல்லாம் அப்படியே உடம்புல சேர்ந்துடுமாம். கொடுக்கலாமா சார்?"

நான் விடைத்தாள் கட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்காமலே, "பழச்சாறுதானே தம்பி, என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது? புளிக்க வைத்தால் எளிதில் செரிக்கும், கொடு" என்று சொல்லிவிட்டேன்.

ஆறு வாரம் கழித்து அவர் தந்தைக்குத் தறிக்குழியில் கால் பலகையை மிதிக்க முடியவில்லை. கால்கள் துவண்டன. மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்தபோது பொட்டாசியம் மிகுந்திருந்தது. "இளநீர் குடித்தீர்களா? வாழைப்பழம் சாப்பிட்டீர்களா?" என்று மருத்துவர் கேட்டார். இரண்டையும் அவர்கள் வீட்டுப் பக்கமே விடவில்லை. காலையும் மாலையும் அரை டம்ளர் நோனிச் சாறு மட்டும் குடித்து வந்தார். அதை நிறுத்தச் சொல்லி, இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்திருந்து அனுப்பினார்கள். நல்ல வேளை, பிழைத்துக்கொண்டார்.

அம்மாணவர் என்மீது குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, "சார், புளிக்க வைச்சா நல்லதுன்னுதானே சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை. காரணம் அறியும் ஆவலே இருந்தது. அன்றிரவு முதல் நான் படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றை இங்கே முறைப்படுத்தித் தருகிறேன்.

நோனி என்னும் பழம்

நோனி நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நம் ஊர்ப் புறங்களில் மஞ்சணத்தி என்றும் நுணா என்றும் வழங்கும் மரத்தின் நெருங்கிய உறவு அது. இரண்டும் காபிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் நுணாவின் பழம் கனிந்தால் கறுக்கும். நோனியின் பழமோ வெளிறி, கண்ணாடி போன்ற மங்கலான வெண்மை பெறும். கனிந்த நோனியின் வாடை பழகாதவர்களை முகஞ்சுளிக்க வைக்கும். ஆக்டனாயிக் அமிலம் முதலிய கொழுப்பு அமிலங்களே அந்த வாடைக்குக் காரணம்.

பசிபிக் தீவுகளில் இப்பழம் நெடுங்காலமாக மருந்தாகப் பயன்பட்டு வந்துள்ளது. கனிந்த பழங்களைச் சாடியில் போட்டு மூடி, ஏறத்தாழ இரண்டு மாதம் வைத்திருப்பார்கள். பழம் தானே கசிந்து சாறு இறங்கும். பழத்தின் தோலில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கச் செய்யும். இதுவே மரபு முறைச் சாறு.

இச்சாற்றில் ருட்டின், ஸ்கோபொலெட்டின் ஆகிய சேர்மங்களும் இரிடாய்டு வகைச் சேர்மங்களும் உள்ளன. அவற்றுள் ருட்டினை எடுத்துக்கொண்டு, அது வாயிலிருந்து இரத்தம் வரை போகும் வழியைப் பார்ப்போம். ஒன்றைத் தெளிவாக அறிந்தால் மற்றவற்றை ஊகிப்பது எளிது.

நொதித்தலில் நடப்பது என்ன?

நொதித்தல் உயிர்களின் செயல் என்பதை 1857இல் லூயி பாஸ்டர் லாக்டிக் நொதித்தலைக் கொண்டு விளக்கினார். 1897இல் எடுவார்ட் புக்னர், ஈஸ்ட் செல்களை அரைத்துப் பிழிந்த உயிரற்ற சாறும் சர்க்கரையை நொதிக்கச் செய்யும் என்று காட்டினார். செயலைப் புரிவது செல்லினுள் இருக்கும் நொதிகளே என்பது அதனால் தெளிவாயிற்று. இதற்காக 1907இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஈஸ்ட், சர்க்கரையை எத்தனாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றும். 180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் நொதித்தால் 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும் என்பதை நீங்கள் கணக்கிட்டிருப்பீர்கள். லாக்டிக் பாக்டீரியங்கள் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றும். நம் வீட்டு இட்லி மாவைப் பொங்கவும் புளிக்கவும் செய்பவை பெரிதும் இவ்வகையினவே. காற்றுப் பட்டால் அசிட்டிக் பாக்டீரியங்கள் எத்தனாலை வினிகராக்கும்.

இங்கே ஒரு கருத்தைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். நுண்ணுயிர் தன் உணவுக்காகச் சர்க்கரையைத் தேடுகிறது. நமக்கு நன்மை செய்யவேண்டும் என்ற நோக்கம் அதற்கில்லை. தாவரச் சேர்மம் ஒன்றோடு சர்க்கரை ஒட்டியிருந்து, அதை வெட்டும் நொதியும் அந்த நுண்ணுயிரிடம் இருந்தால், அது வெட்டி எடுத்துக்கொள்ளும். மிஞ்சிய பகுதி சாற்றில் தங்கும். புளித்த சாற்றின் பெருமை எல்லாம் இந்த ஒரு வெட்டில்தான் அடங்கியிருக்கிறது.

சர்க்கரை என்னும் பூட்டு

ருட்டின், அருவதா என்னும் மூலிகையிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. அம்மூலிகையின் இலத்தீன் பெயராகிய ருட்டா என்பதே இதற்குப் பெயராயிற்று. இதன் மூலக்கூறில் குவர்செட்டின் என்னும் ஃபிளேவனாய்டு ஒரு பகுதி; அதனோடு இணைந்த இரட்டைச் சர்க்கரை மறு பகுதி. இரட்டைச் சர்க்கரையில் உள்ளே இருப்பது குளுக்கோஸ், வெளியே இருப்பது ராம்னோஸ்.

சிறுகுடலின் உட்சுவரில் விரல்கள் போன்ற குடலுறிஞ்சிகள் உள்ளன. அவற்றின் மேற்பரப்பில் பாற்சர்க்கரையை வெட்டும் லாக்டேஸ் நொதி இருப்பதை அறிவீர்கள். அதே நொதி, ஃபிளேவனாய்டின்மேல் ஒட்டியுள்ள குளுக்கோஸையும் வெட்டவல்லது. குளுக்கோஸ் விலகினால் குவர்செட்டின் செல்லின் கொழுப்புப் படலத்தைக் கடந்து உள்ளே போகும். ஆனால் ராம்னோஸை வெட்டும் நொதி நம் உடலில் இல்லை. ஆகவே ருட்டின் சிறுகுடலில் பெரும்பாலும் நுழைய வழியின்றிக் கீழே இறங்கிப் பெருங்குடலை அடைகிறது. அங்கே வாழும் பாக்டீரியங்களிடம் அந்நொதி உண்டு. அவைதாம் பூட்டைத் திறக்கின்றன.

இதனை மெய்ப்பிக்க 1995இல் நெதர்லாந்தில் ஹோல்மனும் அவர் குழுவினரும் ஓர் அரிய ஆய்வு செய்தனர். நோயின் காரணமாகப் பெருங்குடல் அகற்றப்பட்ட ஒன்பது பேர் இதற்கு முன்வந்தனர். அவர்களுக்குச் சிறுகுடலோடு பாதை முடிகிறது. எனவே சிறுகுடல் உறிஞ்சாமல் விட்டதை அளந்துவிட முடியும். வெங்காயத்தில் குவர்செட்டின் குளுக்கோஸோடு மட்டும் சேர்ந்திருக்கிறது. அதை உண்டபோது சுமார் 52 விழுக்காடு உறிஞ்சப்பட்டது. சர்க்கரையே இல்லாத தனிக் குவர்செட்டினில் 24 விழுக்காடும், ருட்டினில் 17 விழுக்காடுமே உறிஞ்சப்பட்டன.

இம்முடிவில் ஒரு வியப்பு உண்டு. சர்க்கரை முழுவதும் நீங்கினால்தான் நன்று என்று நாம் எண்ணுவோம். ஆனால் குளுக்கோஸ் ஒன்று ஒட்டியிருந்ததே மிகுதியாக உறிஞ்சப்பட்டது. தனிக் குவர்செட்டின் நீரில் கரைவது அரிது. குளுக்கோஸ் அதைக் கரையச் செய்து குடற்சுவர் வரை கொண்டு சேர்க்கிறது. ஆகவே ராம்னோஸ் நீங்கவேண்டும்; குளுக்கோஸ் நிற்கவேண்டும். அதுவே பொருத்தமான நிலை.

ஆரஞ்சுச் சாறு காட்டிய சான்று

ஆரஞ்சில் உள்ள ஹெஸ்பெரிடினிலும் ருட்டினில் உள்ள அதே இரட்டைச் சர்க்கரை இருக்கிறது. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரஞ்சுச் சாற்றை நொதி ஒன்றால் பக்குவப்படுத்தி ராம்னோஸை மட்டும் நீக்கினர். நலமுள்ள பதினாறு பேருக்கு இயற்கைச் சாற்றையும் நொதியிட்ட சாற்றையும் வெவ்வேறு நாள்களில் கொடுத்து இரத்தத்தைச் சோதித்தனர்.

இயற்கைச் சாற்றைக் குடித்தவர்களின் இரத்தத்தில் அப்பொருள் உச்ச அளவை எட்ட ஏறத்தாழ 7 மணி நேரம் ஆயிற்று. சாறு பெருங்குடல் வரை போய்ச் சேரும் நேரம் அது. நொதியிட்ட சாற்றிலோ 0.6 மணி நேரத்தில், அதாவது சுமார் 36 நிமிடத்தில், உச்சம் வந்துவிட்டது. உறிஞ்சப்படும் இடம் பெருங்குடலிலிருந்து சிறுகுடலுக்கு மாறிவிட்டது என்பதே இதன் பொருள். இரத்தத்தில் சேர்ந்த மொத்த அளவும் சுமார் மூன்று மடங்காயிற்று.

எனவே, "புளிக்க வைத்தால் நன்கு உறிஞ்சப்படும்" என்ற பேச்சில் உண்மையின் ஒரு கூறு இருக்கிறது. அதனால்தான் அது எளிதில் நம்பப்படுகிறது. ஆனால் மேற்கண்ட ஆய்வில் வெட்டியது தேர்ந்தெடுத்த ஒரு நொதி. சாடியில் தற்செயலாகச் சேர்ந்த நுண்ணுயிர் அன்று. எல்லா நுண்ணுயிர்களிடமும் ராம்னோஸை வெட்டும் நொதி இருப்பதில்லை. இருந்தாலும், வெட்டியதோடு நிற்காமல் மிஞ்சிய பகுதியையும் அவை சிதைத்துவிடக்கூடும். காற்றும் நாளும் தம் பங்குக்குச் சேர்மங்களை ஆக்சிஜனேற்றம் செய்யும்.

நோனியிலேயே இதற்குச் சான்று உண்டு. 2007இல் வெளியான ஆய்வொன்றில், மூன்று மாதம் நொதிக்க வைத்த நோனியின் தனியுறுப்பு நீக்கும் திறன் 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது. எதை நொதிக்கவைக்கிறோம், எந்த நுண்ணுயிரால், எத்தனை நாள் என்பவற்றைப் பொறுத்தே பலன் அமையும். "புளித்தது" என்ற ஒரு சொல்லால் எதுவும் உறுதியாகிவிடாது.

குடற்சுவருக்கு அப்பால்

குடற்செல்லுக்குள் நுழைந்ததும் வேலை முடிந்ததாக எண்ணிவிட வேண்டா. உடல் இச்சேர்மங்களை விருந்தினராகக் கருதுவதில்லை. வெளியார் என்றே கருதுகிறது. குடற்செல்லிலேயே குளுக்குரோனிக் அமிலமோ சல்ஃபேட்டோ அவற்றின்மேல் ஏற்றப்படுகிறது. அவ்வாறு மாறியவற்றில் ஒரு பகுதி அப்போதே குடலுக்குள் திருப்பித் தள்ளப்படுகிறது. எஞ்சியது சிரை வழியே கல்லீரலை அடைந்து, அங்கும் மாற்றம் பெற்றுப் பின்னரே உடலெங்கும் செல்கிறது. முடிவில் சிறுநீரிலும் பித்தநீரிலும் வெளியேறுகிறது.

இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. ஒன்று, பழத்தில் இருந்த சேர்மமும் இரத்தத்தில் ஓடும் சேர்மமும் ஒன்றல்ல. மற்றொன்று, இரத்தத்தில் அவற்றின் அளவு மிகக் குறைவு. பெரும்பாலும் லிட்டருக்குச் சில மைக்ரோமோல், அல்லது அதனினும் குறைவு. சோதனைக் குழாயில் தூய சேர்மத்தை அதைப்போலப் பன்மடங்கு ஊற்றிப் பெறும் முடிவுகளை அப்படியே மனித உடலுக்குப் பொருத்துவது தவறு.

பெருங்குடலை அடைந்தவை வீணாயின என்றும் சொல்லிவிட முடியாது. பாக்டீரியங்கள் அவற்றின் வளையங்களைப் பிளந்து சிறிய பீனாலிக் அமிலங்களாக்குகின்றன. அவையும் உறிஞ்சப்படுகின்றன. யார் குடலில் எந்தப் பாக்டீரியம் வாழ்கிறது என்பதற்கேற்ப இது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே சாற்றை அண்ணனும் தம்பியும் குடித்தாலும் இருவர் இரத்தத்திலும் ஒரே அளவு சேரும் என்பதில்லை.

சொல்லப்படாத பொருள்

இதுவரை பார்த்ததெல்லாம் சாறு விற்பவர் சொன்னதைப் பற்றியது. இனி அவர் சொல்லாததைப் பார்ப்போம். நானும் கேட்க மறந்தது அதுவே.

மாணவர் வீட்டில் மிஞ்சியிருந்த அரைப் புட்டிச் சாற்றை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவரச் சொன்னேன். இருவருமாகச் சிறிதளவைப் பீங்கான் கிண்ணத்தில் வற்றவைத்து, கரி நீங்கிச் சாம்பலாகும் வரை எரித்தோம். சாம்பலை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைத்துப் பிளாட்டினக் கம்பியால் தொட்டுச் சுடரில் காட்டினோம். முதலில் சோடியத்தின் மஞ்சள் மட்டுமே தெரிந்தது. நீலக் கண்ணாடி வழியே பார்த்தபோது சிவந்த ஊதா நிறம் பளிச்சென்று தெரிந்தது. கரைசலில் சோடியம் கோபால்டிநைட்ரைட் சேர்த்தபோது மஞ்சள் வீழ்படிவு இறங்கியது. முதலாண்டில் அவரே செய்து பதிவேட்டில் எழுதிய சோதனைதான். "பொட்டாசியம் சார்" என்றார். அதற்குமேல் இருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

எந்தப் பழச்சாற்றைச் சோதித்தாலும் இதே முடிவு வரும். பொட்டாசியம் இருப்பதை இச்சோதனை காட்டுமேயன்றி அதன் அளவைக் காட்டாது. அளவு மருத்துவ ஏடு ஒன்றில் கிடைத்தது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள், நாட்பட்ட சிறுநீரகக் குறைபாடுள்ள ஒருவரைப் பற்றி எழுதியிருந்தனர். பொட்டாசியம் குறைந்த உணவையே உண்டதாக அவர் சொன்னார். இரத்தத்திலோ பொட்டாசியம் மிகுந்திருந்தது. தாமாகவே நோனிச் சாறு குடித்து வந்தது பின்னர் தெரிந்தது. அச்சாற்றை அளந்தபோது லிட்டருக்கு 56.3 மில்லிஈக்விவலண்ட் பொட்டாசியம் இருந்தது. ஆரஞ்சுச் சாற்றிலும் தக்காளிச் சாற்றிலும் உள்ளதை ஒத்த அளவு இது.

கணக்கிட்டுப் பாருங்கள். பொட்டாசியத்தின் அணு எடை 39.1. ஆகவே லிட்டருக்கு ஏறத்தாழ 2,200 மில்லிகிராம். நாளொன்றுக்கு 200 மில்லிலிட்டர் குடித்தால் 440 மில்லிகிராம். ஒரு நல்ல வாழைப்பழத்தில் உள்ளதை ஒத்த அளவு. வாழைப்பழத்தை வாசலில் நிறுத்திவிட்டு, அதையே புட்டியில் ஊற்றி நாள்தோறும் கொடுத்திருக்கிறோம்.

நலமுள்ளவர்க்கு இதனால் தீங்கில்லை. மிகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருப்பது இயல்பு. சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு இந்த எல்லை எளிதில் கடந்துபோகும். தசை துவளும், இதயத்துடிப்பின் ஒழுங்கு கெடும், உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இரண்டு பொருள்களின் பயணத்தையும் இப்போது அருகருகே வைத்துப் பாருங்கள். ருட்டினுக்குப் பூட்டுண்டு, திறவுகோல் வேண்டும், திறந்தாலும் தடைகள் பல. பொட்டாசியத்துக்கு அவை எதுவும் இல்லை. அது தனி அயனியாகவே கரைந்திருக்கிறது. வெட்டும் நொதி வேண்டியதில்லை. உண்பதில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில் உறிஞ்சப்படுகிறது. நொதித்தலும் அதைக் குறைப்பதில்லை. ஈஸ்ட் சர்க்கரையை அழிக்கலாம். தனிமத்தை அழிக்க இயலாது. "சத்தெல்லாம் அப்படியே உடம்பில் சேர்ந்துவிடும்" என்று விற்பவர் சொன்னது, அவர் குறிப்பிட்ட பொருளுக்குப் பொருந்தவில்லை. குறிப்பிடாத பொருளுக்கு நன்றாகவே பொருந்தியது.

நெசவாளரின் உடல்நிலைக்குச் சாறு ஒன்றே காரணம் என்று மருத்துவர் சொல்லவில்லை. அதை நிறுத்தியபின் அளவு இறங்கிற்று என்றுதான் சொன்னார். அவ்வளவே நானும் இங்கே சொல்லுகிறேன்.

மாணவர்கள் கேட்கவேண்டிய கேள்விகள்

ஒரு சாறோ, பொடியோ, மாத்திரையோ "உடம்பில் நன்றாகச் சேரும்" என்று யாரேனும் சொன்னால் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது, சேரும் பொருள் எது? பெயர் சொல்லவேண்டும். பெயர் மட்டும் போதாது, அமைப்பும் அறியப்பட்டிருக்க வேண்டும். நோனியில் 'ஜெரோனின்' என்னும் அற்புதப் பொருள் இருப்பதாக 1985இல் ஹவாயிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. இன்றுவரை அதன் வேதியமைப்பு நிறுவப்படவில்லை. அமைப்பும் மூலக்கூறு எடையும் இல்லாத பொருளை வேதியியலார் ஏற்பதெப்படி?

இரண்டாவது, எங்கே, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது? அளந்தது மனிதரிலா, சோதனைக் குழாயிலா?

மூன்றாவது, அதனோடு சேர்ந்து வருபவை எவை? பொட்டாசியம், மிஞ்சிய சர்க்கரை, நொதித்தலில் பிறந்த எத்தனால் ஆகிய மூன்றையும் மறக்கலாகாது.

நான்காவது, குடிப்பவர் யார்? நலமுள்ள மாணவனா, மருந்துண்ணும் முதியவரா? ஒருவர்க்கு உணவாவது மற்றொருவர்க்கு நஞ்சாகலாம். இக்கேள்விக்கு விடை சொல்லவேண்டியவர் அவரைச் சோதித்த மருத்துவர். கடைக்காரர் அல்லர், வேதியியல் ஆசிரியரும் அல்லர்.

புளித்த உணவுகளை நான் பழிக்கவில்லை. இட்லியும் மோரும் உண்டு வளர்ந்தவன்தான் நானும். நொதித்தலால் சில தாவரச் சேர்மங்கள் உடலுக்கு எளிதாகக் கிட்டுகின்றன என்பதையும் மேலே காட்டினேன். அரைகுறை உண்மை முழு உண்மையின் உடையில் வரும்போது அடையாளம் காணத் தெரியவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அம்மாணவர் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார். தந்தை மருத்துவர் சொன்ன உணவு முறையோடு தறியில் அமர்ந்து இயன்ற அளவு நெய்வதாகக் கடைசியாகப் பார்த்தபோது சொன்னார். இப்போதெல்லாம் செய்முறை வகுப்பு முடிந்தபின் மாணவர் எவரேனும் வந்து நின்றால், விடைத்தாள் கட்டை ஓரமாக வைத்துவிட்டு, "உட்கார் தம்பி, முதலிலிருந்து சொல்" என்கிறேன். தெரியாதது என்றால், "நாளை படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லவும் கற்றுக்கொண்டேன்.